எடை பார்த்தால் குறி வருமா?

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுடா என்று கேட்டவர்கள், "கவிதை மட்டும் வேண்டாம், மூட்டை கட்டுகிற அளவுக்கு வந்தாச்சு" என்றும் சேர்த்தே சொன்னார்கள். நல்லதாய்ப் போயிற்று. எனக்குக் கவிதை வராது. எனக்குத் தெரிந்தது இரண்டே விஷயம். ஒன்று ஒர்க்‌ஷாப், இன்னொன்று என்.சி.சி. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கேள்வி ரொம்ப நாளாக என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பழைய ராணுவ ரைஃபிளில் குறி தப்பாமல் சுட வேண்டுமானால் எந்த எடையுள்ள குண்டு போட வேண்டும்? கனமானதா, லேசானதா?

கடலூர்க்காரர்களிடம் குண்டைப் பற்றிப் பேசுவது கொல்லத் தெருவில் ஊசி விற்கிற கதைதான். நம்ம ஊரில் ஒரு சாலைக்கே குண்டு சாலை என்று பெயர். பக்கத்தில் குண்டு உப்பலவாடி என்று ஒரு ஊரே இருக்கிறது. 1690-ல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது மதராஸில் எலிஹு யேல் கவர்னர். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எதுவரை போய் விழுமோ அதுவரை உள்ள நிலமும் கம்பெனிக்கு என்று பேச்சு. நல்ல பீரங்கியாகப் பார்த்து மதராஸிலிருந்து கொண்டுவந்து, நாலா திசையிலும் சுட்டு எல்லை குறித்தார்கள். அந்த எல்லைக்குள் வந்தவை குண்டு கிராமங்கள் ஆயின. அந்தப் பீரங்கிக்காரனுக்கு வேலை சுலபம். தூரமாகப் போனால் சரி, எங்கே விழுந்தாலும் லாபம்! ரைஃபிள்காரன் பாடு அப்படியில்லை. அவனுக்கு ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும். அந்த ஐந்து குண்டுகளின் கதைதான் இது.

கிழவன் .303

என்.சி.சி.யில் இருந்தவர்களுக்கு .303 லீ-என்ஃபீல்டைத் தெரியாமல் இருக்காது. ஏறக்குறைய நாலு கிலோ. பரேடு முடிந்து இறக்கி வைக்கும்போது தோள்பட்டை தனியாகக் கழன்று வந்த மாதிரி இருக்கும். நம் கைக்கு வருவது பெரும்பாலும் டி.பி. ரைஃபிள், அதாவது டிரில்லுக்கு மட்டும், சுட முடியாது. வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் பிறந்த வகை இது. இரண்டு உலக யுத்தம் பார்த்தது. 1962-ல் சீன எல்லையிலும் நம் ஜவான்கள் பலர் கையில் இதுதான் இருந்தது. ராணுவத்துக்கு எஸ்.எல்.ஆர். வந்தபிறகு, கழித்துவிட்ட .303-கள் போலீஸுக்கும் நமக்கும் வந்து சேர்ந்தன. உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தோடுதான் இதற்கு விடை கொடுத்து அனுப்பியது.

ஒரு விஷயம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் .303 என்பது சாதாரண லைசென்ஸுக்குக் கிடைக்கிற சாமான் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் தோட்டா தேடிக் கிளம்ப வேண்டாம்! பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் ராணுவம் கழித்த இந்த ரைஃபிளை லைசென்ஸோடு வாங்கி, ரேஞ்சில் சுடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள் கடையில் 150, 174, 180, 215 கிரெய்ன் என்று பலவித எடையில் குண்டு கிடைக்கிறது. அவர்கள் மண்டையைக் குடையும் கேள்விதான் என்னையும் குடைந்தது.

கிரெய்ன் என்றால் தானிய மணி. நம்ம பொற்கொல்லர் தராசில் குன்றிமணி போடுகிற மாதிரி, வெள்ளைக்காரன் வைத்த சின்ன எடை. ஒரு கிராமுக்கு 15.4 கிரெய்ன். ஆக 150 கிரெய்ன் என்பது 9.7 கிராம், 215 கிரெய்ன் என்பது 13.9 கிராம். இந்த எடை முழுத் தோட்டாவுக்கு இல்லை. குழலை விட்டுப் பறந்து போகிற குண்டுக்கு மட்டும்.

மார்செய் துறைமுகத்தில் மாற்றிய ரைஃபிள்

.303-க்கு ஆரம்பத்தில் போட்டது 215 கிரெய்ன் குண்டு. மூக்கு மழுங்கி, உருண்டையாக இருக்கும். கடைசியாக வந்த அந்த வகைக்கு மார்க் 6 என்று பெயர். குழலை விட்டு வரும்போது வேகம் விநாடிக்கு 2060 அடி, அதாவது 628 மீட்டர். 1910-ல் பிரிட்டிஷ் ராணுவம் மார்க் 7-க்கு மாறியது. கூர் மூக்கு, 174 கிரெய்ன், விநாடிக்கு 2440 அடி, அதாவது 744 மீட்டர்.

எடை குறைந்தது, வேகம் கூடியது. அவ்வளவுதானே என்று நினைக்கலாம். ஆனால் ரைஃபிளின் பேக்சைட்டில் 200, 300, 400 என்று தூரம் வெட்டி வைத்திருக்கிறார்களே, அது எந்தக் குண்டுக்கு வெட்டியது? பழைய குண்டுக்கு! முதல் வருஷம் படித்த ½ஜிடி-ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். காற்றுத் தடையைக் கணக்கில் விட்டுவிட்டால், 300 மீட்டர் போவதற்குள் பழைய குண்டு 1.12 மீட்டர் கீழே இறங்குகிறது. புதுக் குண்டு 80 சென்டிமீட்டர்தான் இறங்குகிறது. அதே சைட்டை வைத்துச் சுட்டால் 32 சென்டிமீட்டர் மேலே போய்விடும். 600 மீட்டரில் வித்தியாசம் 1.29 மீட்டர். நெஞ்சுக்குக் குறி வைத்தால் தலைக்கு மேலே பறக்கும்.

இது வெறும் நோட்டுக் கணக்கு இல்லை. 1914 செப்டம்பர் கடைசியில் முதல் உலக யுத்தத்துக்காக நம் இந்தியச் சிப்பாய்கள் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் போய் இறங்கினார்கள். அவர்கள் கையில் இருந்த ரைஃபிள்கள் பழைய கனமான குண்டுக்கு அளவு வைத்தவை. பிரான்சில் இருந்ததோ புதுக் குண்டு. அங்கேயே பழைய ரைஃபிள்களைத் திருப்பி வாங்கிக்கொண்டு, புதுக் குண்டுக்கு உரிய ரைஃபிள்களைக் கொடுத்தார்கள். ஒரு மாதத்துக்குள் முதல் அணிகள் போர்முனையில் நின்றன. வருஷக்கணக்கில் கூடவே இருந்து பழகிய ரைஃபிளை விட்டுவிட்டு, முன்பின் பழக்கமில்லாத ஒன்றைத் தூக்கிக்கொண்டு, குளிரில், பதுங்கு குழியில்! 41 கிரெய்ன் வித்தியாசம், அதாவது 2.7 கிராம். அதற்காக ஒரு படையின் ரைஃபிளையே மாற்ற வேண்டி வந்தது. எடை பொருந்துவது உயிர்ப் பிரச்சினை என்று எனக்கு உறைத்த இடம் இதுதான்.

எடையா, நீளமா?

"மச்சி, கனமான குண்டுதான்டா நேராப் போகும், காத்து தள்ளாது." சிதம்பரம் பஸ்ஸில் ஆலப்பாக்கத்தில் ஆரம்பித்த இந்த விவாதம் பி.முட்லூர் தாண்டியும் முடியவில்லை. நண்பன் சொன்னதில் பாதி சரி. ஒரே விட்டம், ஒரே மாதிரி மூக்கு என்றால் கனமான குண்டு வேகத்தைச் சீக்கிரம் இழக்காது. தூரத்தில் காற்றுக்கு அதிகம் வளைந்து கொடுக்காது. ஆனால் அந்தப் பழைய 215 கிரெய்ன் குண்டு மொட்டை மூக்கால் காற்றை முட்டி முட்டியே வேகத்தை இழந்தது. எடையோடு உருவமும் சேர்ந்தால்தான் பலன்.

மீதிப் பாதிக்கு நம்ம லேத்திடம் போக வேண்டும். ரைஃபிள் குழலுக்குள் சுருள் சுருளாகப் பள்ளம் வெட்டியிருப்பார்கள், ஸ்க்ரூ த்ரெட் மாதிரிதான். ஆனால் பிட்ச் ரொம்ப நீளம். லீ-என்ஃபீல்டில் பெரும்பாலும் ஐந்து பள்ளம், இடப் பக்கம் திரும்பும், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. 10 அங்குலம் என்பது 0.254 மீட்டர். 744 மீட்டர் வேகத்தை அதால் வகுத்துப் பாருங்கள். விநாடிக்கு 2900 சுற்றுக்கு மேல், நிமிஷத்துக்கு 1,75,000! நம்ம லேத் ஆயிரம் ஆர்.பி.எம். போனாலே சேஃப்டி கண்ணாடியைத் தேடுகிறோம்.

இந்தச் சுழற்சிதான் பம்பரம் மாதிரி குண்டை நிமிர்த்திப் பிடிக்கிறது. எவ்வளவு சுழற்சி வேண்டும் என்பதற்கு 1879-ல் கிரீன்ஹில் என்ற ஆங்கிலக் கணிதப் பேராசிரியர் ஒரு எளிய சூத்திரம் கொடுத்தார். குண்டின் நீளத்தை விட்டத்தால் வகுத்து, வருகிற எண்ணால் 150-ஐ வகுத்தால், எத்தனை விட்டத் தூரத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்று வந்துவிடும். மார்க் 7 குண்டு 1.28 அங்குல நீளம், 0.311 அங்குல விட்டம். கணக்குப்படி சுமார் 11.3 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும். குழல் கொடுப்பது 10-க்கு ஒன்று. தாராளம்!

சூத்திரத்தை மறுபடி பாருங்கள். எடை எங்கேயாவது வருகிறதா? வரவில்லை. வருவது நீளமும் விட்டமும்தான். ஒரே விட்டத்தில் எடை கூடினால் பொதுவாக நீளமும் கூடும். அதனால்தான் நாம் எடையைச் சொல்லி நீளத்தைக் குறிக்கிறோம்.

இதற்கு நல்ல சாட்சி நாம் முகாமில் சுடுகிற .22 ரைஃபிள். அதற்கு வழக்கமான குண்டு 40 கிரெய்ன், 2.6 கிராம். குழலில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வெளிநாட்டில் 60 கிரெய்ன் குண்டும் விற்கிறார்கள். அந்த நீளக் குண்டை இந்தக் குழலில் போட்டால் சுழற்சி போதாமல் குட்டிக்கரணம் அடிக்கும். டார்கெட்டில் வட்டமாக ஓட்டை விழாது, சாவித் துவாரம் மாதிரி நீளமாகக் கிழியும். கனமான குண்டுதான் நேராகப் போகும் என்ற வாதம் அங்கேயே கிழிந்துவிடுகிறது.

ஒரே எடை, வேறே குணம்

அடுத்த ஆச்சரியம் மார்க் 7 குண்டின் உள்ளே இருக்கிறது. அதன் மூக்குக்குள் ஈயம் கிடையாது. அலுமினியத் துண்டு. யுத்த காலத்தில் அலுமினியத்துக்குப் பதில் மரக்கூழ்கூட வைத்திருக்கிறார்கள். ஈயம் பின்பக்கம் மட்டும். அதனால் எடை குறைந்தும் நீளம் குறையவில்லை. பழைய 10 அங்குலப் புரியே புதுக் குண்டுக்கும் சரியாக வாய்த்தது.

பிறகு இயந்திரத் துப்பாக்கிக்காக மார்க் 8 வந்தது. 175 கிரெய்ன், எடையில் ஒரே ஒரு கிரெய்ன் வித்தியாசம். ஆனால் அதன் வால் படகு மாதிரி குறுகியிருக்கும். மார்க் 7-க்கு வால் தட்டை. புதுக் குழலில் இரண்டும் ஒழுங்காகப் போகலாம். தேய்ந்த குழலில் கதை வேறு. தட்டை வால் குண்டு வெடிவாயுவின் அழுத்தத்தில் பின்பக்கம் லேசாக விரிந்து குழலை அடைத்துக்கொள்ளும். படகு வால் அப்படி அடைக்காது, ஓரமாக வாயு கசியும், குண்டு நடு அச்சில் உட்காராது. ஃபிட் சரியில்லாத பிஸ்டன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை ஒன்றுதான், ஆனால் க்ரூப் சிதறிவிடும்.

கழித்த ரைஃபிளில் இந்தத் தேய்மானம்தான் முதல் வில்லன். சூடான வெடிவாயு குழலின் அடிப்பக்கத்தை அரிக்கும். முனைப் பக்கமிருந்து கம்பி விட்டு விட்டுத் துடைத்தால் வாய் தேயும். பழைய தோட்டாக்களின் கேப்பில் இருந்த உப்பு குழலில் தங்கித் துருவைக் கூப்பிடும். கடலூர் உப்புக் காற்றில் சைக்கிள் ரிம் என்ன ஆகிறது என்று நமக்கே தெரியும்! அதனால்தான் அந்தக் காலச் சிப்பாய் சுட்டு முடித்ததும் குழலுக்குள் வெந்நீர் ஊற்றிக் கழுவி, புல்த்ரூவில் சிந்தித் துணி கட்டி இழுத்து, எண்ணெய் போட்டு வைத்தான்.

இன்னொன்று, குழல் அசையாத இரும்பு இல்லை. சுடும்போது வீணைத் தந்தி மாதிரி அதிர்கிறது. கனமான குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் கொஞ்சம் அதிக நேரம் இருக்கும். அதற்குள் ரைஃிளின் உதைப்பு முனையை லேசாகத் தூக்கிவிடும். எனவே கிட்டத்து டார்கெட்டில் கனமான குண்டு சில சமயம் லேசான குண்டைவிட மேலேயே விழும்! கனமானது கீழேதான் விழும் என்று வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்கிறவர்களுக்கு ரேஞ்ச் வேறு பாடம் சொல்லும்.

இதெல்லாம் தெரிந்துதான் ஆயுதத் தொழிற்சாலைக்காரர்கள் குண்டை மாற்றியபோதெல்லாம் ரைஃபிளையும் சேர்த்து மாற்றினார்கள். 1960-களில் இஷாப்பூர் இதே லீ-என்ஃபீல்டு உடம்பில் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 2ஏ என்ற ரைஃபிளைச் செய்தது. குண்டு சுமார் 9.5 கிராம். விட்டமும் .303 குண்டைவிடக் குறைவு. அதனால் குழலை மாற்றினார்கள். அடுத்து வந்த 2ஏ1-ல் 2000 வரை இருந்த சைட்டை எடுத்துவிட்டு 800 வரை உள்ள சைட்டை வைத்தார்கள்.

எக்ஸ்-பாரும் ஆர்-உம்

அப்படியானால் ஒரு பழைய ரைஃபிளுக்கு எது பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு வழி சொன்னவர் எங்கள் உஸ்தாத். அதுவும் .22 ரேஞ்சில், 25 மீட்டரில்.

எங்கள் முகாமில் எலெக்ட்ரிக்கல் முதலாமாண்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். கிள்ளைப் பக்கத்து மீனவக் குப்பம். போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பது ஒன்றே அவள் லட்சியம். தேர்வில் என்.சி.சி. சான்றிதழுக்குத் தனி மார்க் உண்டு என்பதால்தான் சேர்ந்தாள். அன்றைக்கு அவள் சுட்ட ஐந்தும் நடு வட்டத்துக்கு வெளியே, இடப்பக்கம் கீழே. பாயிண்ட் கூட்டியவர் முட்டை போட்டுவிட்டார். "வலை வீசுற கையில துப்பாக்கி எதுக்கு?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவள் ஒன்றும் பேசவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். டீம் பட்டியலில் அவள் பெயர் இல்லை என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது.

உஸ்தாத் டார்கெட்டை வாங்கிப் பார்த்தார். ஐந்து ஓட்டையும் ஒரு எலுமிச்சம்பழத்துக்குள் அடங்கும். "இந்தம்மா, அந்த மூணாம் நம்பர் ரைஃபிளை எடுத்துச் சுடு" என்றார். மறுபடி ஐந்து. மறுபடி எலுமிச்சம்பழம். ஆனால் இந்த முறை நடுவுக்குப் பக்கத்தில். பிறகு அவள் வைத்திருந்த முதல் ரைஃபிளைச் சிரித்தவனிடமே கொடுத்தார். அவன் க்ரூப் தேங்காய் அளவு, அதுவும் இடப்பக்கம் கீழே!

உஸ்தாத் சொன்னது இவ்வளவுதான்: "க்ரூப் சின்னதா இருந்தா சுடறவன் சரி, தோட்டா சரி. க்ரூப் இருக்கிற இடம் சைட்டோட பிரச்சினை. அதை நான் ஸ்க்ரூடிரைவர்ல சரி பண்ணிடுவேன். சிதறினா ஸ்க்ரூடிரைவரால ஒண்ணும் ஆகாது." அவள் பெயர் பட்டியலில் ஏறியது.

குவாலிட்டி கன்ட்ரோல் பாடத்தில் எக்ஸ்-பார், ஆர் சார்ட் நடத்தியபோது எனக்கு அந்த எலுமிச்சம்பழம்தான் கண் முன்னால் வந்தது. எக்ஸ்-பார் என்றால் சராசரி எங்கே இருக்கிறது. ஆர் என்றால் எவ்வளவு சிதறுகிறது. வெர்னியரில் ஜீரோ எர்ரர் இருந்தால் கழித்துக்கொண்டு அளந்துவிடலாம். ஜா லொடலொடவென்று ஆடினால் அந்த வெர்னியரை வைத்து என்ன அளப்பது?

குண்டின் எடையைத் தேர்ந்தெடுக்கிற முறையும் இதுவேதான். ரேஞ்சில் அனுபவஸ்தர்கள் செய்வதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் ரைஃபிளைப் பார்ப்பார்கள். குழல் சுத்தமா, முனை தேய்ந்திருக்கிறதா, கட்டையின் ஸ்க்ரூ இறுக்கமா? மழைக்காலத்தில் கட்டை ஊதிக் குழலை அழுத்தினாலும் குறி நகரும்.

2. ரைஃபிளின் சைட்டும் புரியும் எந்தக் குண்டுக்காகச் செய்யப்பட்டனவோ, அந்த எடையில் ஆரம்பிப்பார்கள். லீ-என்ஃபீல்டுக்கு அது 174 கிரெய்ன், தட்டை வால். பிறகு 150, 180, 215.

3. ஒரே ஆள், ஒரே தூரம், ஒரே சைட், ஒரே மாதிரி தாங்கல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும்.

4. ஒவ்வொரு எடையிலும் ஐந்து ஐந்தாக, ஒரு முறை இல்லை, நாலைந்து க்ரூப். ஒரு க்ரூப் அதிர்ஷ்டத்திலும் வரும்.

5. நடுவில் விழுந்ததா என்று பார்க்கக் கூடாது. மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று ஸ்கேல் வைத்து அளக்க வேண்டும். எந்த எடையில் அது தொடர்ந்து சின்னதாக இருக்கிறதோ அதுதான் அந்த ரைஃபிளுக்கு உரியது. அப்புறம் ஃபோர்சைட்டை மாற்றிக் க்ரூப்பை நடுவுக்குக் கொண்டுவரலாம்.

பக்கத்து ரைஃபிளுக்கு வேறு எடை பிடிக்கலாம். அது வேறு குழல், வேறு தேய்மானம். .22 போட்டிக்காரர்களுக்கு எடையில் பெரிய தேர்வே கிடையாது, எல்லாம் 40 கிரெய்ன்தான். அவர்கள் தோட்டாப் பெட்டியின் லாட் நம்பரைப் பார்த்து, சுட்டுச் சோதித்து, ஒத்துவருகிற லாட்டையே மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள்!

ஆகவே கனமானதா லேசானதா என்ற கேள்விக்கு என் பதில்: எடையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. புரி, விட்டம், வால், தேய்மானம், சைட் எல்லாவற்றோடும் எது பொருந்துகிறதோ அது. அதைச் சொல்ல வேண்டியது டார்கெட் காகிதம், நாம் இல்லை.

நண்பர்களே! நாளைக்கு நெய்வேலியிலோ, சிப்காட்டிலோ, வேறெங்கோ நம் கையில் ஒரு பழைய மெஷினைக் கொடுப்பார்கள். "இது உருப்படாதுப்பா" என்று ஒருவர் சொல்வார். "புதுசா ஹெவியா ஒண்ணு போட்டா சரியாயிடும்" என்று இன்னொருவர் சொல்வார். இரண்டு பேரும் அளந்திருக்க மாட்டார்கள். நாம் அளப்போம். சராசரி விலகியிருக்கிறதா, சிதறுகிறதா என்று பிரித்துப் பார்ப்போம். மனுஷர்கள் விஷயத்திலும் அப்படித்தான். ஒரு அரியரையோ ஒரு இன்டர்வியூவையோ பார்த்துவிட்டு யாருக்கும் முட்டை போட வேண்டாம். சரியான ரைஃபிளைக் கொடுத்து இன்னும் ஐந்து ரவுண்டு சுடச் சொல்லிப் பார்ப்போம்.

– மெக்கானிக்கல் மூன்றாமாண்டு மாணவன்